எனக்குப் பிடித்த புத்தகம்

"ஏனுங்க மேடம், எனக்குப் புடிச்ச புத்தகத்தைப் பத்திப் பேசறதுக்குத்தானுங்களே தலைப்பு குடுத்தீங்க?" என்று யுவஸ்ரீ கேட்டாள்.

ஆங்கிலத் துறைக் கருத்தரங்கு அரை மணியில் தொடங்கவிருந்தது. தினமும் பொள்ளாச்சி பஸ்ஸில் கொலைக்கதைகள் படித்துத்தான் அவளுக்கு ஆங்கிலமே வசப்பட்டது. புரியாத சொல்லுக்குப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் பொருள் எழுதிக்கொள்வாள். அப்படிப் படித்த ஒரு நாவலைத்தான் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

பொற்கொடி மேடம் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "கொலைக்கதை. அதுலயும் தமிழ்ல கிறுக்கல். நீ இங்கிலீஷ் ஸ்டூடண்ட் தானே கண்ணு? சிலபஸ் நாவலைப் பேசு. கைடுல எல்லாம் இருக்குது."

"அது எனக்குப் புடிக்கலைங்க."

"புடிச்சிருக்குன்னு சொல்லிப்போட்டு எறங்கு. இல்லீன்னா உம்பேரை அடிச்சுப்போடுவேன்." நாவலைத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

கருத்தரங்கு தொடங்கியது. யுவஸ்ரீக்கு முன்னால் பேசிய எல்லாருக்கும் அந்த ஒரே நாவல்தான் பிடித்திருந்தது, அதுவும் கைடில் இருந்த அதே வரிகளில். பேசிவிட்டு இறங்கிய தோழி ரம்ஷா, "நான் அதோட அட்டையக்கூடப் பாத்ததில்ல அம்மணி" என்று காதில் சொல்லிச் சிரித்தாள். யுவஸ்ரீக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடையேறி ஆங்கிலத்தில் பேசினாள். "சிலபஸ் நாவலை முழுதாகப் படித்தேன். பிடிக்கவில்லை. பிடித்திருப்பதாகச் சொல்லச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த புத்தகம் மேடத்தின் மேசைமேல் கிடக்கிறது."

மைக்கை அணைத்தார்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தி, அந்தக் கொலைக்கதையின் முதல் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.