ஆற்று வளைவில் கை நனைத்தது

எனக்கு வீடு இல்லை என்று யாராவது பரிதாபப்பட்டால் எனக்குக் கோபம் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் செஞ்சியில் பாதிப் பேர் அப்படிப் பரிதாபப்பட்டார்கள். அதனால் நான் பாதி நாள் கோபமாகவே திரிந்தேன்.

ஆயில் இன்ஜின் விற்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு மெக்கானிக் வேலை. விற்ற இன்ஜின் கிணற்றடியில் மக்கர் பண்ணினால் ஊர் ஊராகப் போய்ச் சரி செய்ய வேண்டும். அதற்காக ஒரு பழைய வேனைக் கொடுத்திருந்தார்கள். ஸ்பேனர் பெட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபக்கம் பலகை அடித்துப் படுக்கை போட்டுக்கொண்டேன். ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், தண்ணீரை வடிகட்ட வெள்ளைத் துணி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. சங்கராபரணிக் கரையில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டால் வாசலிலேயே ஆறு. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? அக்கா மருதேவியைக் கேட்டால் ஒரு பட்டியலே சொல்லுவாள். அவளைக் கட்டிக்கொடுத்தது செஞ்சிக் கடைத்தெருவில். தினம் ஒரு தரம் வந்து, வேனைச் சுற்றிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுப் போவாள்.

வேனின் பின்பக்கம் இரண்டு கொக்கி. அதில்தான் என் சைக்கிள் தொங்கும். சாயங்காலம் கை மசகை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு, சைக்கிளை இறக்கிக் கரையோரமாகக் கிளம்பிவிடுவேன். ஒற்றையடிப் பாதை. இந்தப் பக்கம் நாணல், அந்தப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லை. எருமைகள் தண்ணீரில் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும். மணியடித்தால்கூட நகராத கொக்கு ஒன்று இருந்தது, அதனோடு எனக்குத் தினம் சண்டை. தனியாகத்தான் போவேன். கேரியரில் என் டிபன் கேரியரைத் தவிர யாரையும் ஏற்றியதில்லை. பேச ஆள் ஏறினால் ஆறு காதில் விழாது.

ஊர் சுற்றுவதற்கு மட்டும் போகவில்லை. நாங்கள் ஜைனர்கள், இருட்டினால் சாப்பிட மாட்டோம். ஆனால் செஞ்சியில் ஒரு தொல்லை உண்டு. ஊருக்கு மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. உலகமெல்லாம் வெயில் அடிக்கும்போதே சூரியன் அதன் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அது அஸ்தமனமா இல்லையா என்று வாதாட நான் தயார். அக்காவோ, கண்ணுக்குத் தெரியாத சூரியனை நம்பிச் சோறு தின்னக் கூடாது என்பாள். எனக்கோ வேலை முடிவதே அந்த நேரத்தில்தான். ஆகவே டிபன் கேரியரைக் கட்டிக்கொண்டு சூரியனைத் துரத்திப் போவேன். ஆறு வளைகிற ஓர் இடத்தில் நின்றால் ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவிலுள்ள சந்தில் கடைசிவரை வெயில் கிடைக்கும். தை மாதம் கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்க வேண்டும். பங்குனிக்குத் தெற்கே இறங்கி வர வேண்டும். இதெல்லாம் சைக்கிள் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

அந்த வழியில்தான் வல்லம் ஊர்க்காரர் விருஷபதாஸின் கொல்லை. வேர்க்கடலை வியாபாரி, பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் கிணற்று இன்ஜினைச் சரி செய்யப் போனபோது அவர் மகள் நீலாஞ்சனா வரப்பில் நின்று கேட்டாள்.

“தெனம் இந்தப் பக்கமா சைக்கிள்ல போறீங்களே, இன்னா தேடறீங்க?”

“சூரியனை.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் போனபோது வரப்பிலிருந்து கையை நெற்றியில் வைத்து மேற்கே பார்த்துவிட்டு, “சீக்கிரம் போங்க, எறங்கிடப் போவுது!” என்று கத்தினாள். அன்றைக்கு வளைவில் உட்கார்ந்து என்ன சாப்பிட்டேன் என்றே எனக்குத் தெரியவில்லை. நேரே போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அக்கா பெண் கேட்கப் போனாள். விருஷபதாஸ் என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. வேனைப் பற்றித்தான் சொன்னார். “வீடில்லாதவனுக்கு எப்பிடிம்மா பொண்ணு குடுக்கறது? வேனை வுட்டுட்டு, பஜார்ல ஒரு வீடு பாத்து, ஒரு கடை வெச்சி ஒக்காரச் சொல்லு.”

கடையில் உட்கார்ந்தால் ஆறு ஏது, வளைவு ஏது? முடியாது என்றேன். அக்கா அழுதாள். பிறகு அவளே மறுபடியும் போய்ப் பேசி ஒரு சமாதானத்தோடு வந்தாள். முடிவு சொல்லுமுன் விருஷபதாஸ் ஒரு தடவை வேனை வந்து பார்ப்பார். எங்களில் சம்பந்தம் பிடித்திருந்தால் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம். கை நனைக்காமல் எழுந்து போய்விட்டால் அதோடு பேச்சு முடிந்தது, மறுபடி யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள். விருஷபதாஸ், அவர் சம்சாரம், பின்னால் நீலாஞ்சனா. மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணே வருவதா என்று அக்கா வாயைப் பிளந்தாள்.

விருஷபதாஸ் சங்கடத்தோடு சொன்னார். “வேன் ஒரு வீடான்னு நான் கேட்டேன். வீடு இல்லன்னா நானும் வரலாம்ல நைனான்னு கெளம்பிட்டா.”

நீலாஞ்சனா புளியமரத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வேனை மாடு வாங்க வந்தவரைப் போலச் சுற்றி வந்தார். டயரை உதைத்தார். கதவைத் திறந்து மூடினார்.

“மழ பேஞ்சா?”

“ஒழுகாதுங்க.”

“பொங்கலுக்குக் கோலம் எங்க போடறது?”

“வாசல்ல.”

“வாசல் எங்க இருக்குது?”

“வண்டி எங்க நிக்குதோ அங்கதான்.”

“கொழந்தைங்கள எந்த ஊர் பள்ளிக்கூடத்துல சேப்பீங்க?”

“மொதல்ல பொறக்கட்டுங்க!” என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அக்கா என் காலை மிதித்தாள். விருஷபதாஸின் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இப்படிக் கேட்டுக் கேட்டே நேரம் போயிற்று. அவருக்கு அவசரமில்லை. மலை மறைக்காத வல்லத்துக் கணக்கில் பொழுது இன்னும் நிறைய இருந்தது. செஞ்சிக் கணக்கில் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. சண்டை போடுகிற மும்முரத்தில் எனக்கும் உறைக்கவில்லை. அக்கா ஜமுக்காளம் விரித்து, இலை போட்டு, வாழைக்காய் வறுவலை வைத்துவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தாள். அப்போதுதான் இலைமேல் இருந்த வெயில் போய்விட்டது.

விருஷபதாஸ் நிமிர்ந்து பார்த்தார். ராஜகிரி மட்டும் கறுப்பாக நின்றது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“பொழுது சாஞ்சிடுச்சி.”

“சாயலைங்க, மலைதான் மறைக்குது. இன்னும் நேரம் இருக்குது.”

“தம்பி, எங்க ஊர்ல சூரியன் மறைஞ்சா மறைஞ்சதுதான். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேந்து பொழுது சாஞ்சி நான் சாப்ட்டதில்ல. இன்னிக்கும் மாட்டேன்.” அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. “கை நனைக்க குடுத்து வெக்கலன்னு நெனச்சிக்குவோம்.”

அக்கா கரண்டியோடு நின்றாள். எனக்கு மலைமேல் வந்த ஆத்திரத்துக்கு, கையில் வெடிமருந்து இருந்தால் கோட்டையோடு சேர்த்துத் தகர்த்திருப்பேன். நீலாஞ்சனாவைப் பார்த்தேன். அவள் முகம் சிறுத்துப் போயிருந்தது. இவள் இல்லாமல் இனி அந்த வரப்பைக் கடந்து எப்படிப் போவது?

அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “நைனா, சூரியன் தெரியற எடத்துக்குப் போனா சாப்புடுவியா?”

“அது எங்கடி தெரியும்?”

“இவருக்குத் தெரியும்” என்று என்னைக் காட்டினாள். “தெனம் அங்கதான் போறாரு.”

அதற்கு மேல் நான் யாரையும் யோசிக்க விடவில்லை. இலை, பாத்திரம், ஜமுக்காளம், விருஷபதாஸ், எல்லாவற்றையும் வேனுக்குள் ஏற்றினேன். மோர்க்குழம்புக் குண்டானை அக்கா மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். வேன் இருமியது, நின்றது. இன்னொரு தரம் சுற்றினேன். அதற்கும் இருமல்தான். ஊரார் இன்ஜினையெல்லாம் ஓட்டிக் கொடுக்கிறவன் மானம் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றியதில் பிடித்துக்கொண்டது.

வண்டிப் பாதையில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். ஆனால் வண்டிப் பாதை வளைவுவரை போகாது, மணலில் முடிந்துவிடும். அங்கே நிறுத்தினேன். தூரத்தில் வளைவு தெரிந்தது. நாணல் மேல் மஞ்சள் வெயில். நாங்கள் நின்ற இடத்தில் நிழல்.

“அந்தா பாருங்க வெயில்!”

“பாத்தேன். நான் நடந்து போறதுக்குள்ள அது திருவண்ணாமலைக்கே போயிடும்.”

நான் கொக்கியிலிருந்து சைக்கிளை இறக்கினேன். “ஏறுங்க.”

“எதுல?”

“கேரியர்ல.”

அவர் தம் உடம்பைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நீலாஞ்சனா சோற்றையும் வறுவலையும் என் டிபன் கேரியரில் அள்ளிப் போட்டு, அதையும் சுருட்டிய இலையையும் அவர் கையில் கொடுத்துவிட்டாள். ஏறிவிட்டார். சைக்கிள் முனகியது, நானும் முனகினேன். ஒற்றையடிப் பாதையில் என் ஆயுளில் முதல் தடவையாக ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு மிதித்தேன். முன் சக்கரம் மணலில் வழுக்கிற்று.

“டேய், தண்ணிக்குள்ள வுட்டுடாதடா!” என்று அலறினார். எனக்கு இருந்த மரியாதைதான் அந்தக் கேரியரிலிருந்து முதலில் கீழே விழுந்தது. கொக்கு வழியிலேயே நின்றது. பின்னாலிருந்து வந்த அலறலைக் கேட்டு, அதுவும் முதல் தடவையாகப் பறந்து போயிற்று.

வளைவைத் தொட்டோம். இரண்டு மலைகளுக்கும் நடுவில் சூரியன் சிவப்பாக, முழுசாக இருந்தது. ஆற்றில் பாதி தூரம் அதன் வெளிச்சம் கிடந்தது. விருஷபதாஸ் இறங்கிச் சூரியனை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆற்றில் கை கழுவிக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தார். நான் இலை விரித்துச் சோறு போட்டேன். முதல் வாய் உள்ளே போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிதித்த மூச்சிரைப்பு என்று வைத்துக்கொண்டேன். அவர் ஒரு வாயோடு நிறுத்தவில்லை. வழித்து வழித்துச் சாப்பிட்டார். நடுவில் தலையைத் தூக்காமலே கேட்டார்.

“மாப்ளே, மோர் கொண்டாந்தீங்களா?”

மோர் வேனில் இருந்தது. திரும்பினால், சொம்பைத் தூக்கிக்கொண்டு நீலாஞ்சனா மணலில் ஓடி வந்துகொண்டிருந்தாள். “மாப்ளே” அவள் காதிலும் விழுந்திருக்கிறது. சொம்பில் பாதிதான் மிச்சம், மீதியைப் புடவை குடித்திருந்தது. அப்பாவுக்கு மோரை ஊற்றிவிட்டு, டிபன் கேரியரிலிருந்து ஒரு வறுவலை எடுத்து என்னிடம் நீட்டி, இன்னொன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். சூரியன் இறங்கிவிட்டது. அக்காவும் நீலாஞ்சனாவின் அம்மாவும் குழம்போடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அவர்கள் இருவரும் அன்றைக்குப் பட்டினி. அப்படிச் சந்தோஷமாகப் பட்டினி கிடந்தவர்களை நான் பார்த்ததில்லை.

விருஷபதாஸ் துண்டால் வாயைத் துடைத்தார். “வீடு ஒண்ணும் சரியில்ல. ஆனா எந்த வீடு என்னைச் சோத்தோட தூக்கினு வந்து சூரியன் முன்னாடி ஒக்கார வெக்கும்?”

திரும்பி நடக்கும்போது நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நீலாஞ்சனாவுக்குப் பக்கத்தில் போனேன். பெருந்தன்மையாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். “இனிமே தெனம் உன்னையும் கேரியர்ல கூட்டினு வர்றேன்.”

“கேரியர்ல நைனா ஒக்காந்ததே போதும்” என்றாள். “எனக்குத் தனியா ஒரு சைக்கிள் வாங்கிக் குடுங்க. நீங்க மட்டும் தனியா போவீங்க, நான் மட்டும் மூட்ட மாதிரி பின்னால குந்தினு வரணுமா?”

இப்போது வேனின் பின்பக்கம் நாலு கொக்கி. அவள் பழகும்போது விழாத பள்ளம் இந்தக் கரையில் இல்லை, விழுந்த ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் திட்டினாள். சாயங்காலம் அவள் கரையின் மேட்டுப் பாதையில் போவாள், நான் கீழ்ப் பாதையில் போவேன், தனித்தனியாக. பொழுது சாய்வதற்குள் வளைவில் சந்தித்துக்கொள்வோம். முதலில் வருகிறவர்தான் இலை போட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் வேண்டுமென்றே மெதுவாக மிதிக்கிறேன் என்று அவள் சந்தேகப்படுகிறாள். உண்மையைச் சொன்னால், இப்போதெல்லாம் நான் வேகமாகத்தான் மிதிக்கிறேன்.