ஹென்யாவின் சாம்பல்

ஹென்யாவின் தோலில் சாம்பல் சுரந்தது, வியர்வை போல, ஓயாமல். நாஜிகளின் எரியுலைகளிலிருந்து உயிர் தப்பிய யூதர்களை 1946இல் தங்கவைத்திருந்த அந்த பவேரிய முகாமில் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அங்கே வேறொருவருக்கு நிழலே விழாது. ஹென்யாதான் அருவருத்தாள். சோப்புக் கட்டிகளைக் கரைத்தாள், செங்கல்லால் தேய்த்தாள், அடியில் தான் எங்காவது மிச்சமிருக்கிறோமா என்று தேடினாள். இரத்தம் வந்தது, பிறகு மறுபடி சாம்பல். கண்ணாடியில் தெரிந்தவள் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஊர்ப் பால்காரி அவளைக் கண்டால் மூக்கைப் பொத்துவாள். "என்ன நாத்தம்மா! அப்படி ஒரு எடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது, சத்தியமா." பக்கத்து வதைமுகாமின் புகைபோக்கியிலிருந்து அவள் வீட்டுச் சன்னல் தொட்டியில் வருடக்கணக்காக விழுந்தது அதே சாம்பல்தான். செடிகள் கொழுத்துப் பூத்திருந்தன.

தச்சன் மோட்கே ஹென்யாவைப் பெண் கேட்டான். "எனக்கு மூக்கு செத்து வருசமாச்சு. என்னைவிட நல்ல மாப்ளை கெடைப்பானா?" அவள் சிரித்தாள். முகாம் அன்றுதான் அவள் பற்களைப் பார்த்தது. ஆனால் மணப்பெண் முதலில் சடங்குக் குளத்தில் முழுகவேண்டும். தோலுக்கும் நீருக்கும் நடுவே நகத்தழுக்கு இருந்தாலும் அந்த முழுக்கு செல்லாது. முழுக்கில்லாமல் கல்யாணமும் இல்லை. குளத்தைப் பார்த்துக்கொண்ட ஸ்லாவா அவளைத் துடைத்துத் துடைத்துக் களைத்து, மதகுரு ராபியிடம் ஆளனுப்பினாள். அவர் கேள்வியைத் திருப்பியனுப்பினார்: ஒருத்தி தானே அருவருத்து நீக்க நினைப்பது மட்டும்தான் தடை. இதை அவள் அருவருக்கிறாளா?

"இல்லேன்னு சொல்லிட்டு முங்குடி. யாரு பாக்கப்போறா?" என்றாள் ஸ்லாவா.

"பொய் சொல்லியா முங்கச் சொல்றீங்க?"

ஹென்யா தன் கையை வெகுநேரம் பார்த்தாள். முகர்ந்தாள்.

"இதுல எங்கம்மா இருக்கலாம்ல, அக்கா," என்றாள். "எனக்குக் கொமட்டுறது அந்தப் பால்காரிய நெனச்சாத்தான். அவ பூவ நெனச்சாத்தான். இது இல்ல. இது இருந்துட்டுப் போகட்டும்."

தலை மறைய முழுகி எழுந்தாள். "செல்லும்!" என்று ஸ்லாவா கத்தினாள். குளம் மை போலக் கறுத்துவிட்டது. அந்த வாரம் முகாமில் இன்னும் நான்கு கல்யாணங்கள். மணப்பெண்கள் வெளியே வரிசையில் நின்றார்கள்.

"தண்ணிய மாத்தட்டுமாடி?" என்று ஸ்லாவா கேட்டாள்.

முதலில் நின்றவள் அதற்குள் இடுப்பளவு இறங்கிவிட்டிருந்தாள்.

"வேணாங்க்கா," என்றாள். "கதகதன்னு இருக்கு."