மூச்சில்லாத ஆறு நொடிகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். டோர்தே பொய் சொல்லவில்லை. கேட்டபோது சும்மா இருந்தாள், அவ்வளவுதான்.

டோர்தே நான்தான். 'நான்' என்று மூன்று முறை தொடங்கினேன். மூன்று முறையும் என்னை நல்லவளாக்கிக்கொண்டேன்.

[செவ்வாய்க்கிழமை மாலை, கதை எழுதும் வகுப்பில் இதைப் படித்தேன். பக்கத்து இருக்கை ஸில்கே டிராம் ஓட்டுகிறவள். "பேர மாத்திட்டா தப்பிச்சிடலாம்னு பாக்கறியா? சரி, மேல படி" என்றாள்.]

2

லைப்சிக் நகரம் முழுவதும் பனி கொட்டிய ஒரு பிப்ரவரி

இல்லை, பனி கொட்டவில்லை. குளிர் மட்டும். ஒலிப்பதிவில் சத்தம் விழாதிருக்க இசைக்கூடத்தின் வெப்பக் குழாய்களை அணைத்திருந்தார்கள். மார்லீஸ் ப்ரூனர் பியானோவில் ஷூமானின் சிறு இசைத்துண்டு ஒன்று, பிராம்ஸின் சிறு துண்டு ஒன்று என மாற்றி மாற்றி இருபத்திரண்டு வாசித்தார். அவர் கணவர் எக்கார்ட் நுரையீரல் நோயாளி. அவர் மூச்சும் பதிவில் கேட்டுவிடும் என்பதால் வெளியே நடையில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததென்று நினைத்து, ஓவர்கோட்டோடு உள்ளே வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்தார்.

முடியவில்லை. வெறும் கூடத்தை ஒரு நிமிடம் பதிவு செய்வது வழக்கம். துண்டுகளுக்கு இடையே அந்த மௌனத்தைத்தான் வைப்போம். ஒன்றும் வைக்காவிட்டால் கேட்பவருக்குக் காது அடைத்ததுபோல் இருக்கும்.

"யாரும் அசையாதீங்க. இருமறவங்க இப்பவே இருமிடுங்க" என்றார் ஒலிப்பொறியாளர் வீகாண்ட்.

"நான் ஆரம்பிச்சா நாளைக்குத்தான் சார் முடியும்" என்றார் எக்கார்ட்.

மார்லீஸ் சிரித்தார். பிறகு ஒரு நிமிடம் யாரும் அசையவில்லை.

ஏப்ரலில் எக்கார்ட் இறந்தார்.

3

இடைவெளிகளை வைப்பது உதவியாளர் டோர்தேயின் வேலை. அந்த நிமிடம் நெடுக ஒரு மூச்சு, மெல்லிய விசில்போலக் கேட்டது. அவள் தேடித் தேடி, மூச்சில்லாத ஆறு நொடிகளைக் கண்டுபிடித்தாள். அதையே இருபத்தோரு இடைவெளிகளிலும் வைத்தாள். சுத்தமாக இருந்தது. [பெருமையாகவும் இருந்தது. அதையும் எழுத வேண்டும்.]

ஜூனில் ஒப்புதல் தர மார்லீஸ் வந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"வாசிப்பு சரியா இருக்கு. நடுவுல வர்ற மௌனம் எங்க கூடத்துதானா?"

"அதே கூடம்தாம்மா. அதே நாள் எடுத்தது" என்றார் வீகாண்ட்.

"அன்னிக்கு அவரு உள்ள வந்து உக்காந்திருந்தாரே. மூச்சு வாங்குமே. ஒண்ணும் விழலயா?"

வீகாண்டுக்குத் தெரியாது. அவர் டோர்தேயைப் பார்த்தார். டோர்தே கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"விழுந்திருந்தாலும் இந்தப் பொண்ணு தொடச்சிருப்பா. இவகிட்ட ஒரு தூசி தப்பாது" என்றார் வீகாண்ட்.

"பதினஞ்சு வருஷமா அந்தச் சத்தத்த நிறுத்துங்கன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றார் மார்லீஸ், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "ஒருவழியா நிறுத்திட்டாரு."

[இங்கே அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவர் அழவில்லை. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.]

4

முடிவு, ஒன்று: டோர்தே படிக்கட்டில் ஓடிப்போய் உண்மையைச் சொல்கிறாள்.

முடிவு, இரண்டு: யாருக்கும் தெரியாமல் மூச்சைத் திரும்ப வைத்துவிடுகிறாள். மார்லீஸ் வீட்டில் தனியாக இருக்கும்போது கேட்கிறார்.

"ரெண்டாவதையே வச்சுக்கோ. ஜனங்க அழுவாங்க" என்றாள் ஸில்கே.

இரண்டும் நடக்கவில்லை. இசைத்தட்டு செப்டம்பரில் வெளிவந்தது, சுத்தமாக.

அந்த விசிலுக்குச் சரியான சொல் கிடைக்காமல், போன வாரம் அந்த நிமிடத்தை மறுபடி முழுவதும் கேட்டேன். அன்று வெட்டுவதற்கான இடத்தை மட்டுமே பார்த்திருந்தேன். முப்பத்து நான்காம் நொடியில் எக்கார்ட் மூச்சை ஆழமாக இழுக்கிறார். பிறகு ஆறு நொடி ஒன்றுமில்லை. நாற்பதாம் நொடியில் மூச்சு பீறிட்டு வெளியே வருகிறது, கையால் வாயைப் பொத்தியதுபோல அமுங்கி.

நான் மூச்சில்லாத இடம் என்று நினைத்தது, அவர் மூச்சை அடக்கிய இடம். மனைவியின் பதிவு கெட்டுவிடக் கூடாதென்று. அந்த நெஞ்சுக்கு ஆறு நொடி நெடுநேரம்.

5

திருமதி ப்ரூனர் அவர்களுக்கு, தங்கள் இசைத்தட்டில்

திருமதி ப்ரூனர் அவர்களுக்கு, தங்கள் கணவர்

"உனக்கு லேசாகணும்னு அவங்க தலையில ஏத்தாத" என்றாள் ஸில்கே. பிறகு, "ஆனா நானா இருந்தா தெரிஞ்சுக்கணும்னுதான் நெனப்பேன்" என்றாள். கடைசியில், "எனக்குத் தெரியலம்மா" என்றாள்.

எனக்கும் தெரியவில்லை. இது அவருக்கு ஆறுதலாகலாம். நிறுத்துங்கள் என்று சொன்ன பதினைந்து வருடங்களும் திரும்பி வந்து குத்தலாம். வாசகரே, நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. என் வெட்கமும் உங்களுக்கு இல்லை. என்னைவிட நேராக யோசிக்க உங்களால் முடியும்.

எக்கார்ட் அடக்கிய மூச்சு மார்லீஸிடம் இருக்கிறது, இருபத்தோரு முறை, அவருக்கே தெரியாமல். விட்ட மூச்சு என்னிடம் இருக்கிறது.

அனுப்பட்டுமா?