முன்னுரை சார் எழுதிய கடிதம்

டுடோரியலில் அவருக்கு முன்னுரை சார் என்று பெயர். வைத்தது பிள்ளைகள், பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆளை வசப்படுத்த எழுதிய ஒரு கடிதத்தையோ தலையங்கத்தையோ கொடுத்து, அதன் மொழியை அலசிக் கட்டுரை எழுதச் சொல்வது பரீட்சையில் பெரிய கேள்வி. மற்ற ஆசிரியர்கள் உத்திகளைப் பட்டியல் போட்டு உருப்போட வைப்பார்கள். இவரோ முன்னுரையை, அதாவது கட்டுரையின் முதல் பத்தியை விட்டு நகரவே மாட்டார். என்ன நடந்தது, யார் யாருக்கு எழுதுகிறார், என்ன செய்ய வைக்கப் பார்க்கிறார், எந்தத் தொனியில். இந்த நாலும் அங்கேயே வந்துவிட வேண்டும்.

"படிச்சதும் திருத்துறவர் நிமிர்ந்து உட்காரணும். 'இன்றைய நவீன உலகில்'னு ஆரம்பிச்சீங்க, மனுஷன் டீ குடிக்கப் போயிடுவார்" என்பார்.

வகுப்பு முடிந்தால் அவரோடு பேச ஆள் கிடையாது. மனைவி போய் மூன்று வருஷம். ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அம்மாவின் சாவுக்கு வந்துவிட்டுப் போனவள்தான், அதன்பிறகு ஒரு போன் இல்லை. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் விடைத்தாள் கட்டு உட்கார்ந்திருக்கும். விடுமுறை நாட்களில் அவர் வாய் திறப்பது, லிஃப்டில் கீழ்வீட்டுக்காரர் "சௌக்கியமா?" என்று கேட்டால்தான். "சௌக்கியம்" என்று சொல்வதற்குள் லிஃப்ட் கீழே வந்துவிடும்.

மகளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். ஒரு வருஷமாக அடித்துத் திருத்தியது, இரண்டு பக்கம். அவள் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டால் போதும் அவருக்கு. ஆனால் அனுப்பத்தான் கை வரவில்லை. இதற்கும் பதில் வராவிட்டால், அப்புறம் எதிர்பார்க்க ஒன்றுமே இல்லாமல் போய்விடுமே என்று பயம்.

மாதத் தேர்வுக்கு வினாத்தாள் தயார் செய்த அன்று அவருக்கு ஒரு கிறுக்குப் புத்தி வந்தது. பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, 'ஒரு தந்தை மகளுக்கு எழுதிய கடிதம்' என்று தலைப்புப் போட்டு, அதையே அச்சடித்துவிட்டார். மன்னிப்புக் கேட்கும் கடிதம், கல்லும் கரையும் என்று வகுப்பில் நாற்பது பேரும் எழுதிவிட்டால் தைரியமாக அனுப்பிவிடலாம். பெற்ற மகளுக்கு எழுதிய கடிதத்தைப் பரீட்சைக்கு வைத்துப் பார்ப்பது வாத்தியார் ஒருவருக்குத்தான் தோன்றும்.

தேர்வு ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் பின்வரிசைப் பெண் எழுந்து நின்றாள்.

"சார், என்ன நடந்துச்சுன்னு இதுல எங்கயுமே இல்லையே. முன்னுரைல எப்படி எழுதறது?"

"நல்லாப் படிச்சுப் பாரும்மா. இருக்கும்."

"மூணு தடவை படிச்சுட்டேன் சார். 'நடந்தது நடந்துவிட்டது'ன்னு மட்டும்தான் இருக்கு."

வகுப்பே சிரித்தது. அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இருக்கறதை வச்சு எழுது" என்று உட்கார வைத்தார்.

ஞாயிறு மத்தியானம் திருத்த உட்கார்ந்தார். முதல் தாள்: 'மனம் புண்பட்ட தந்தை ஒருவர், குற்றம் சாட்டும் தொனியில், மகள் பிடிவாதத்தை விட்டுத் திரும்பிவர வேண்டும் என்று வற்புறுத்துகிறார்.' தப்பு என்று சிவப்பில் கோடு போட்டார். அடுத்த தாளிலும் அதே கதைதான். 'தன் தனிமையைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகளுக்குக் குற்றவுணர்வை ஊட்டுகிறார்' என்று எழுதியிருந்தான் ஒருவன். பன்னிரண்டாவது தாளில் பேனாவை மூடி வைத்துவிட்டு மீதியை வெறுமனே படித்தார். மன்னிப்பு என்ற சொல்லை ஒருவர்கூட எழுதவில்லை.

பின்வரிசைப் பெண்ணின் தாள் கடைசியில் இருந்தது. 'என்ன நடந்தது என்பதை இந்தத் தந்தை எங்குமே சொல்லவில்லை. மகளுக்குத் தெரியும் என்பதால் இருக்கலாம். சொல்லிவிட்டால் மற்ற எதுவும் எடுபடாது என்பதாலும் இருக்கலாம்.'

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நாற்பது பிள்ளைகளுக்கும் சேர்ந்தாற்போல் தப்பு வருமா என்ன? அழுது முடித்து, முன்பு போட்ட சிவப்புக் கோடுகளின் பக்கத்தில் 'சரி' என்று எழுதினார். பிறகு போனை எடுத்தார்.

'அம்மா ஒன்பது நாள் ஆஸ்பத்திரில இருந்தா. உனக்குக் கடைசிப் பரீட்சை நடந்துக்கிட்டு இருந்துச்சு. அது முடியட்டும்னு நான்தான் உன்கிட்ட மறைச்சேன். நீ எங்கேன்னு அவ அஞ்சு தடவை கேட்டா. உன்னைப் பார்க்காமயே போயிட்டா.'

அடுத்து, மகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். 'ஒரு தடவை வா' என்று தட்டினார், அழித்தார். 'போனாவது பண்ணு' என்று தட்டினார், அதையும் அழித்தார். எதைக் கேட்டாலும் அது மறுபடி அந்தப் பழைய கடிதமாகத்தான் ஆகும் என்று தோன்றியது. அப்படியே அனுப்பிவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. மூன்று வருஷத்தில் முதல் வரி.

'அம்மா கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?'

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் நழுவ எத்தனை வழி உண்டு என்று அவருக்குத் தெரியாததா? அதைச் சொல்லிக்கொடுத்தே வயிறு வளர்த்தவர். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

'கிளம்பிட்டா, வந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னேன்மா. அஞ்சு தடவையும் அதையேதான் சொன்னேன். அவளும் நம்பிக் கதவையே பார்த்துக்கிட்டு இருந்தா.'