மாப்பிள்ளை வீட்டு ஒன்பது துப்பாக்கிகள்

டெக்சாஸில் மாப்பிள்ளை அமைந்ததிலிருந்து அருமனை ரசலையனுக்குத் தரையில் கால் பாவவில்லை. மகள் ஸ்மைலினின் கல்யாண அறிவிப்பைச் சபையில் மூன்று ஞாயிறு வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்க வேண்டும். இரண்டு ஞாயிறு முடிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை டெனிஷ் போனில் செய்தி அனுப்பினான்: 'மாமா, ஒரு ஆவணப்படத்தில் என் பேட்டி வருகிறது. லிங்க் அனுப்பியிருக்கிறேன்.'

எதைப் பற்றிய படம் என்று கேட்கிற பழக்கம் ரசலையனுக்குக் கிடையாது. அமெரிக்காக்காரன் எடுத்த படம், அதில் நம் மாப்பிள்ளை. இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்? சனிக்கிழமை சாயங்காலம் சபை மண்டபத்தில் திரை கட்டினார். வாசலில் டெனிஷின் முகத்தோடு ஃபிளக்ஸ் வைத்தார். இருநூறு பேருக்குப் பழபஜ்ஜியும் சாயாவும் சொன்னார்.

படத்தில் முதலில் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. வாசலில் பூவும் பொம்மையும் குவிந்து கிடக்க, ஒரு தாய் அழுதாள். பிறகு துப்பாக்கி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் இயக்குநர் கேட்டார், யாருக்குப் பயந்து வைத்திருக்கிறீர்கள் என்று. பக்கத்து வீட்டுக்காரனிடம் இருக்கிறதே என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் அதையேதான் சொன்னான்.

சபைச் செயலர் ஞானதாசன் மைக்கைப் பிடித்து மொழிபெயர்த்தார். கூடவே சொந்தச் சரக்கையும் சேர்த்துவிட்டார். "நம்ம ஊருல பன்னிய வெரட்ட ஒரு தோக்கு வச்சிருக்கவன், எலக்சன் வந்தா ஸ்டேசன்ல கொண்டு குடுக்கணும். அங்க மிட்டாய் மாதிரி விக்கானுவ. ஜெபமில்லாத தேசம்!"

அடுத்த காட்சியில் டெனிஷ் வந்தான். பின்னால் சுவரில் ஒன்பது துப்பாக்கிகள். பத்தாவது ஒன்று வருங்கால மனைவிக்கு, ரோஸ் நிறத்தில் சொல்லியிருக்கிறேன் என்று சிரித்தான்.

மண்டபத்தில் பஜ்ஜி மெல்லும் சத்தம் நின்றது. முதலில் சுதாரித்தவர் ஞானதாசன்தான். "தற்காப்பு வேணும்லா? கெட்டப்போற பெண்ணு மேல என்ன பிரியம், பாத்தியளா!"

சபை கைதட்டியது. ஐந்து நிமிடத்துக்கு முன் ஜெபமில்லாத தேசம். இப்போது பிரியமுள்ள தேசம். ரசலையனும் தட்டினார். மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கவே தட்டினார்.

வீட்டில் ஸ்மைலின் சொன்னாள்: "அப்பா, என்னச் சுட வாறது யாருன்னு அவருட்ட போன்ல கேட்டேன். யாரு வேணும்னாலும் வரலாம்ங்காரு. எனக்கு இது வேண்டாம்ப்பா."

"சும்மா கெட மக்கா. ரெண்டு வாசிப்பு முடிஞ்சாச்சு. இனி நாலு பேரு மொகத்துல எப்படி முழிக்க?"

வெட்கக்கேடு என்னவென்றால், பயம் அவருக்கும் இருந்தது. மகளுக்காகப் பயந்தது பாதி, ஊருக்காகப் பயந்தது முழுசு.

மறுநாள் ஆராதனையில் போதகர் மூன்றாம் முறை வாசித்தார். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" அந்தச் சபையில் இத்தனை காலமும் அந்தக் கேள்விக்கு இருமல்தான் பதிலாக வந்திருக்கிறது.

ஸ்மைலின் எழுந்து நின்றாள். "எனக்கு உண்டு."

கல்யாணப் பெண்ணே ஆட்சேபிக்கலாமா என்று போதகர் சபை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விடை அகப்படாமல் ரசலையனைப் பார்த்தார். சபையும் பார்த்தது. பேசாமல் உட்கார்ந்திருக்கத்தான் அவர் நினைத்தார். ஆனால் தனியாக நிற்கும் மகளைப் பார்த்தபின் முடியவில்லை.

"எனக்கும் உண்டு அய்யா," என்று எழுந்தார். "நேத்தே உண்டு. வாய் தொறந்து மிண்டாம இருந்துட்டேன்." தன்னை நினைக்க அவருக்கே கேவலமாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஞானதாசன் அவர் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போனார். ஏசப்போகிறார் என்று நினைத்தார் ரசலையன்.

"போட்டு ஓய், விட்டுத்தள்ளும். அந்தப் பையன் நம்பரு இருக்கா? எம் மக ஜெபகுமாரிக்கும் இருபத்தாறு ஆச்சு."

"பிள்ளையிட்ட கேட்டீரா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லீருவாளே," என்று ஞானதாசன் போனை நீட்டினார்.