தெரியாது என்னும் பாடம்

டீச்சருக்கு உலகத்திலேயே பிடிக்காத வார்த்தை "தெரியாது". மூன்றாம் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது அதைச் சொல்லிவிட்டால் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள், பார்வையாளர் நேரத்தில் சிறுவர் இல்லத்துக்குப் போய்க் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பெற்ற மகனுக்கு அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மகனுக்குப் பதினேழு நடக்கிறது. செல்போன் கடையின் பூட்டை உடைக்கப் போன இடத்தில், விழித்துக்கொண்ட வாட்ச்மேனை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். கூடப் போன சுருட்டைத் தலைக்காரன் டார்ச் பிடித்தான். வாட்ச்மேன் செத்துப்போனார். இதிலெல்லாம் யாருக்கும் சந்தேகமில்லை. சட்டத்துக்கு இருந்த சந்தேகம் வேறு. அடித்தவன் குழந்தையா, பெரிய ஆளா? குழந்தை என்றால் சில வருஷம் சீர்திருத்தப் பள்ளியில் வைத்து, தச்சு வேலை சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பெரிய ஆள் என்றால் பெரிய கோர்ட், பெரிய ஜெயில். பிறந்த தேதியைப் பார்த்தால் போதாதா என்று கேட்காதீர்கள். அவ்வளவு சுலபமாக முடிந்தால் மனநல டாக்டருக்கு என்ன வேலை? செய்த காரியத்தின் விளைவு பையனுக்குப் புரிந்ததா என்று அவர் அரை மணியில் கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும்.

வக்கீல் விவரமானவர். "டீச்சரம்மா, பையன் கெட்டிக்காரன்னு எங்கேயும் வாயைத் தொறந்துடாதீங்க. மக்கா இருந்தாத்தான் நமக்கு நல்லது" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். சுருட்டைக்கு ஒரு நாள் முன்னாடியே விசாரணை முடிந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் தோளைக் குலுக்கினானாம். வாட்ச்மேன் பேச்சை எடுத்ததும் சிரித்தானாம். நடுவில், சாப்பாடு எப்போ என்றானாம். விவரம் அறியாத குழந்தை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

குழந்தைகள் கோர்ட் என்பதால் சுவரில் பட்டாம்பூச்சிகள் வரைந்திருந்தார்கள். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதென்று போலீஸ்காரர் பூப்போட்ட சட்டையில் நின்றார். பின் பெஞ்சில் வாட்ச்மேனின் மனைவி உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் பெரிய ஆளா என்பதில்தான் யாருக்கும் சந்தேகம் இல்லையே.

டாக்டர் தொடங்கினார். "கம்பியால தலையில அடிச்சா என்ன ஆகும்?"

"தெரியாது."

"செத்துப்போனவங்க திரும்பி வருவாங்களா?"

"தெரியாது."

டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பிள்ளை நன்றாகத்தான் தேறியிருக்கிறான். வக்கீலுக்கு முகமெல்லாம் பல்.

"சரி, அவர் கீழ விழுந்ததும் நீ என்ன பண்ணே?"

இதுவும் பாடத்தில் இருந்த கேள்விதான். மகன் அம்மாவைப் பார்த்தான். அவள் சத்தமில்லாமல் 'தெரியாது' என்று உதட்டை அசைத்துக் காட்டினாள்.

"தண்ணி கேட்டாரு" என்றான் அவன். "சுருட்டை ஓடிட்டான். நான் அவரோட பாட்டில்லேர்ந்தே ஊத்தினேன். உள்ள இறங்கல, கழுத்து வழியா வழிஞ்சுடுச்சு. போலீஸ் வர்ற வரைக்கும் தலையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். கொன்னது நான்தான் சார். தூங்கவே முடியல."

பின் பெஞ்சில் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். எழுத ஒன்றும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த டாக்டருக்கு இப்போது கை ஓயவில்லை.

வக்கீல் பதறி எழுந்தார். "ஐயா, இது அவங்கம்மா மனப்பாடம் பண்ண வெச்ச வசனம்! டீச்சர் இல்லையா, பழக்கதோஷம்." டீச்சரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

மாஜிஸ்திரேட் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா? நீங்க சொல்லிக்குடுத்ததா?"

ஆமாம் என்றால் மகன் தப்பிப்பான். ஆமாம் என்று சொல்லத்தான் அவள் எழுந்தாள். ஆனால் மகன் கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் ஜெயிலை விட அதிகமாக அவளை அரித்தது ஒரு பயம். நான் பெற்றது மனுஷப் பிறவிதானா என்ற பயம். இப்போதுதான் அதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. அதைப் போய்ப் பொய் என்று சொல்ல எந்த அம்மாவுக்கு நாக்கு வரும்?

"நான் சொல்லிக்குடுத்தது தெரியாதுங்கிறது மட்டும்தாங்க" என்றாள். "இது அவனே சொன்னது."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. மனசாட்சி இருப்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியவந்ததால் பையனைப் பெரிய ஆளாகக் கருதிப் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பலாம். சுருட்டையிடம் அப்படி எதுவும் கண்டெடுக்கப்படாததால் அவன் குழந்தையாகவே நீடிப்பான்.

உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்றார் குமாஸ்தா. மகன் பேனாவுக்குக் கை நீட்டினான். அவர் காகிதத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீ போடக் கூடாதுப்பா. நீ மைனர். அம்மாவைக் கூப்பிடு."