பக்கத்துத் தெரு கேரவன்

திங்கட்கிழமை கணவரைக் கொண்டுபோய் மறதி நோயாளிகளுக்கான இல்லத்தில் சேர்த்தாள். வியாழக்கிழமை வண்டியை விற்கக் கிளம்பினாள். இடையில் இருந்த இரண்டு நாளும் என்ன செய்தாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தம்பி வீட்டு மாடி அறையில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் இறங்கிப் போனாள்.

"ஒரு தடவை அழுதுடுக்கா. மனசு லேசாயிடும்," என்றான் தம்பி.

"வரலடா," என்றாள். வந்தால் அழுவதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

வண்டி தம்பி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. சின்ன லாரியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் கட்டிய கேரவன். ஓட்டுகிறவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, நடுவில் மடக்கு மேஜை, பின்னால் இரண்டு அடுப்பும் ஒரு குளியல் அறையும். பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர் கணவர். பட்டறையில் அவருக்குப் பெயரே 'சேசிஸ்'தான். கல்யாணச் செய்தியானாலும் கால்வலியானாலும் அடியிலிருந்துதான் ஆரம்பிப்பார். ஓய்வு பெற்ற கையோடு இந்த வண்டியைத் தன் கையாலேயே கட்டினார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஆறு வருடம் இரண்டு பேரும் அதிலேயே ஊர் ஊராகச் சுற்றினார்கள்.

முதலில் கிளம்பும்போது படியை மடக்க மறந்தார். பிறகு ஒரு நாள் தண்ணீர்க் குழாயைக் கழற்றாமலேயே வண்டியை எடுத்தார். கடைசியில் ஒரு நாற்சந்தியில், பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நீ ஓட்டு. எனக்கு எல்லா ரோடும் ஒண்ணாத் தெரியுது," என்றார். அறுபத்தோரு வயதில் அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தது அப்படித்தான்.

பழைய கேரவன்களை வாங்கி விற்கும் யார்டின் முதலாளி வண்டியை ஒரு மணி நேரம் பார்த்தார். ஈரம் காட்டும் கருவியை மூலை மூலையாக வைத்து அழுத்தினார். தரையில் குதிகாலால் குத்தினார்.

"ஜன்னல் மேல்மூலை ஒழுகாத கேரவனை நான் பார்த்ததே இல்ல. இது எப்படிம்மா இப்படிக் காஞ்சு கிடக்கு?"

"வருஷா வருஷம் கூரை மேல ஏறி பழைய பசையச் சுரண்டிட்டுப் புதுசு வைப்பார்."

"எங்க அவரு? வரலியா?"

"வரல," என்றாள். கழிவுநீர்த் தொட்டியின் திருகு இடப்பக்கம் சுற்றும், தண்ணீர் பம்ப் முதல் தடவை இருமிவிட்டுத்தான் இழுக்கும், இரண்டாவது அடுப்புக்குத் தீக்குச்சிதான் சரி என்று வரிசையாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது குரல். கையெழுத்துப் போட்டாள். சாவியைக் கொடுத்தாள்.

தம்பியின் காரில் பாதி தூரம் வந்தபோது இல்லத்திலிருந்து போன்.

"அம்மா, பதற்றப்படாதீங்க. சாரைக் காணோம். காய்கறி வண்டி உள்ள வந்தப்ப கேட் திறந்திருந்திருக்கு."

தம்பிதான் பதறினான். அவள் சீட் பெல்ட்டைச் சரி செய்துகொண்டு, "வேகமாப் போகாதே. அவர் நடந்துதான போயிருப்பார்," என்றாள்.

இல்லத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு வீட்டின் முன் கேரவன் ஒன்று நின்றது. சாதாரண வேன்தான், கூரையை மேலே தூக்கினால் கூடாரம்போல் எழும்பி நிற்கிற வகை. படிக்குக் கீழே அவருடைய செருப்பு ஜோடியாக இருந்தது. வாசலில் ஓர் இளம்பெண் நின்று கை காட்டினாள்.

"உங்க வீட்டுப் பெரியவரா? பயப்படாதீங்க, நல்லா இருக்கார். நாங்க நாளைக்குத்தான் முதல் தடவை கிளம்பறோம், சாமான் ஏத்திட்டு இருந்தோம். அவர் பாட்டுக்கு ஏறி உக்காந்து, 'தண்ணி டேங்க் ரொப்பியாச்சா'ன்னு கேட்டார். ரொப்பலங்க. அவர் கேட்டப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கணவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே அந்தப் பெண்ணின் புருஷன், கையில் பாதி பிரித்த அட்டைப்பெட்டியோடு.

"வாங்கம்மா, உக்காருங்க," என்றார் கணவர் அவளைப் பார்த்து. "செருப்ப மட்டும் வெளியில விட்டுடுங்க."

நாற்பத்தோரு வருடத்தில் அவர் அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை. வா, போ, கோபம் வந்தால் ஏய். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். எதிர் அலமாரியின் கதவுக் கொக்கி சரியாக விழவில்லை என்பதைக் கவனித்தாள். ஓடும்போது திறந்துகொள்ளும்.

"எங்க விட்டேன்? ஆங், குதிரை," என்றார் அவர். "மோட்டார் வர்றதுக்கு முன்னாடியே பணக்காரன் ஒருத்தன் ரெண்டு குதிரை பூட்டுன வண்டிக்குள்ள கட்டிலும் புத்தக அலமாரியும் வெச்சு, சும்மா ஊர் பார்க்கக் கிளம்பிட்டான். வீடு இல்லாதவன் வண்டியில இருந்தான், நியாயம். வீடு இருக்கறவனும் வண்டியில போய் இருந்தான் பாருங்க, அங்கதான் கதை ஆரம்பம். அப்புறம் கார் வந்துச்சு. லாரி சேசிஸ் மேல மரத்துல குடிசை மாதிரி கட்டுனான். பாரம் தாங்கல. சரி, வீட்டத் தனியாக் கட்டிக் கார் பின்னால இழுத்துட்டுப் போவோம்னான். அதுக்கு அலுமினியத் தகடு போட்டான், மூலையெல்லாம் வளைச்சான், காத்தைக் கிழிச்சுட்டுப் போச்சு. மடிச்சு வெச்சுக் கூடாரமா விரிக்கறதும் வந்துச்சு. இழுக்கறது, ஓட்டறது, இந்த ரெண்டே சாதிதான் இன்னைக்கும்."

"எங்களுது எந்த வகை சார்?"

"வேனை வீடாக்குனது. எங்க வேணா நிறுத்தலாம், ஆனா புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டா ஒதுங்க இடம் கிடையாது. தலைக்கு மேல படுக்கை வெச்சது அடுத்த ரகம். அதுக்கும் மேல பஸ் அளவு. அது உள்ள போயிட்டா ஒருத்தர ஒருத்தர் போன் பண்ணித்தான் கூப்பிடணும்."

இளைஞன் சிரித்தான். "உங்ககிட்டயும் இருக்கா சார்?"

"இருக்கே. நானே கட்டுனது. வீட்டம்மா ஓட்டிட்டு வருவா. அதுக்குத்தான் உக்காந்திருக்கேன். இப்ப வந்துடுவா."

அவள் மேஜை மேல் வைத்திருந்த தன் கைகளைப் பார்த்தாள். விரலில் யார்டு முதலாளியின் பேனா மை ஒட்டியிருந்தது. ஏதாவது செய்யும் என்று எதிர்பார்த்தாள். நெஞ்சு அடைக்கும், கண் கலங்கும். ஒன்றும் ஆகவில்லை.

"அவங்க வர நேரமாகுமாம். உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லி என்னை அனுப்புனாங்க," என்றாள்.

அவர் யோசித்தார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்தார்.

அவரை இல்லத்தில் விட்டுவிட்டுத் திரும்பியபோது, காரில் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இப்பவே யார்டுக்காரர்கிட்ட போய்ப் பேசலாம்க்கா. வண்டியத் திருப்பிக் கொடுத்துடுவார். மாமாவ அதுலயே வெச்சுக்கோ."

"வேணாம்."

"எப்படிக்கா உன்னால இப்படி இருக்க முடியுது?"

"எட்டு மாசமா அவர் கேஸைத் திறந்துடுவாரோன்னு அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து தூங்கினேன்டா. இந்த மூணு நாள்தான் படுத்துத் தூங்கறேன்," என்றாள். "வண்டிய எடு."

இல்லத்துக்கு எதிர்ச் சாரியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. சனிக்கிழமைதோறும் அவரைப் பஸ்ஸில் ஏற்றி யார்டுக்குக் கூட்டிப் போனாள். ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும் என்று முதலாளியிடம் கேட்டிருந்தாள். கணவர் எங்கே ஓரமாக உட்கார்ந்தார்? வருகிறவர்களுக்கெல்லாம் குதிரையிலிருந்து ஆரம்பித்தார். பஸ் அளவு வண்டியைப் பேசி முடிக்கப்போன ஒரு குடும்பத்திடம், "உங்க தெருவுல இது திரும்புமா?" என்று கேட்டார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

"உங்க வீட்டுக்காரர் எனக்கு வியாபாரம் பண்றாரா, வியாபாரத்தக் கெடுக்கறாராம்மா?" என்றார் முதலாளி. ஆனால் அடுத்த வாரமே அதே குடும்பம் திரும்பி வந்து, "அந்தப் பெரியவர் எங்கே?" என்று கேட்டுச் சின்ன வண்டி ஒன்றை எடுத்தது. அதற்குப் பிறகு முதலாளி குறை சொல்வதை விட்டுவிட்டார். கணவருக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலி, அவளுக்கும் சேர்த்து இரண்டானது.

மூன்றாவது சனிக்கிழமை அவர்களுடைய வண்டி போயிற்று. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இரண்டு பேர், அக்கா தங்கை, வாங்கினார்கள். கேட்டைத் தாண்டும் வரை கணவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல கட்டு," என்றார். "எவனோ தொழில் தெரிஞ்சவன்."

"ஆமா," என்றாள்.

அன்று மாலை பஸ் வரத் தாமதமானது. நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவளைத் தயக்கத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"எனக்காக வாரா வாரம் வர்றீங்க. உங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

"தேட மாட்டாங்க. எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் மறதிக்காரர்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டும் நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கென்று தெரியாமலேயே அவரும் சேர்ந்துகொண்டு, வாய் விட்டுச் சிரித்தார்.